நிரலில் ட்ரே திறக்கிறது, மூடமாட்டேன் என்கிறது: எந்தக் கட்டளை விட்டுப்போனது?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தப்பென்றால் திருத்துங்கள். வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் கணினி வேலை பார்க்கிறீர்கள். நோயாளிகளின் படங்களைச் சிடியில் எழுதிக் கொடுக்க லினக்ஸில் நீங்களே ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருக்கிறீர்கள். எழுதி முடிந்ததும் ட்ரே திறக்கும். சிடியை எடுத்துவிட்டுப் புதுசு ஒன்றை வைத்து விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டினால் ட்ரே தானே உள்ளே போய் அடுத்த நோயாளியின் படத்தை எழுத ஆரம்பிக்கும். நாலு வருஷம் ஒழுங்காக ஓடியிருக்கிறது. போன மாதம் பழைய கணினியை மாற்றிவிட்டு ஒரு குட்டிக் கணினியும் யூஎஸ்பியில் மாட்டுகிற டிவிடி ரைட்டரும் வாங்கி வைத்திருக்கிறார்கள். இதில் திறக்கும் கட்டளை வேலை செய்கிறது, மூடும் கட்டளைக்கு அசைவே இல்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. எந்தக் கட்டளையை விட்டுவிட்டேன், விண்டோஸுக்கு மாறினால் சரியாகுமா என்பது உங்கள் கேள்வி.

கட்டளை எதையும் நீங்கள் விடவில்லை. நிரலைத் திறந்து பார்ப்பதற்கு முன் ட்ரேவைத் திறந்து பாருங்கள். சிடி உட்காருகிற நடுக்குமிழும் அதன் பக்கத்தில் பட்டாணி அளவில் பளபளக்கும் லென்ஸும் ட்ரேவோடு சேர்ந்து வெளியே வந்திருக்கிறதா? வந்திருந்தால் அந்த டிரைவில் ட்ரேவை உள்ளே இழுக்கும் மோட்டாரே கிடையாது. எந்த மென்பொருளாலும், எந்த இயங்குதளத்திலிருந்தும் அதை மூட முடியாது. இது எனக்குச் சந்தேகமில்லாத பகுதி. யூஎஸ்பி ரைட்டர், மெலிசானது, தனியாக கரண்ட் வயர் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்து உங்களுடையது அந்த ஜாதிதான் என்று பந்தயம் கட்டுவேன். லென்ஸைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டியது நீங்கள்.

மேசைக் கணினிக்குள் இருந்த பழைய டிரைவ் ஏறக்குறைய 41 மில்லிமீட்டர் உயரம். அதில் ட்ரே என்பது சிடியைத் தாங்கும் வெறும் பிளாஸ்டிக் தட்டு. லென்ஸ், சுழற்றும் மோட்டார் எல்லாம் உள்ளேயே இருக்கும். தட்டை வெளியே தள்ளவும் உள்ளே இழுக்கவும் தனியாக ஒரு சின்ன மோட்டார், ஒரு ரப்பர் பெல்ட், இரண்டு மூன்று பல்சக்கரங்கள். தட்டு உள்ளே போனபிறகு அதே மோட்டார்தான் லென்ஸ் பகுதியை மேலே தூக்கிச் சிடியைக் கவ்வ வைக்கிறது. லேப்டாப்புக்காகச் செய்த டிரைவ் 12.7 அல்லது 9.5 மில்லிமீட்டர்தான். அந்த உயரத்தில் இத்தனைக்கும் இடமில்லை. அதனால் லென்ஸ், சுழற்சி மோட்டார் எல்லாவற்றையும் ட்ரேவின் மேலேயே ஏற்றிவிட்டார்கள். திறக்கச் சொன்னால் ஒரு சின்ன மின்காந்தம் கொக்கியை விடுவிக்கிறது, ஸ்பிரிங் ட்ரேவைக் கொஞ்சம் வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். மிச்சத்தை நாம்தான் இழுக்கிறோம், 'டக்' என்று சத்தம் வரும்வரை நாம்தான் தள்ளுகிறோம். கடையில் யூஎஸ்பி டிரைவ் என்று கொடுப்பதில் பெரும்பாலானவை இந்த லேப்டாப் டிரைவைப் பெட்டியில் போட்டு, யூஎஸ்பிக்கு மாற்றும் ஒரு சின்ன போர்டைச் சேர்த்தவைதான்.

அப்படியானால் பிழையாவது காட்ட வேண்டாமா என்பது நியாயமான கோபம். உங்கள் நிரல் லினக்ஸில் எஜெக்ட் கட்டளையைச் சின்ன டி சேர்த்து ஓட்டினாலும் சரி, நிரல் சாதனத்திடம் நேரடியாகப் பேசும் ஐஓசிடிஎல் என்ற அழைப்பு வழியே மூடச் சொன்னாலும் சரி, கடைசியில் டிரைவுக்குப் போவது ஒரே ஸ்கஸி கட்டளை (ஸ்கஸி என்பது கணினி டிரைவோடு பேசும் மொழி). ஸ்டார்ட் ஸ்டாப் யூனிட் என்று பெயர், ஹெக்ஸ் (பதினாறடிமான) எண் 1பி. கட்டளையின் ஐந்தாவது பைட்டில் 2 என்று அனுப்பினால் வெளியே தள்ளு, 3 என்று அனுப்பினால் உள்ளே இழு. ஐடிஇ கேபிள் காலத்திலிருந்து சாட்டா, யூஎஸ்பி வரை கம்பி மாறியதே தவிர இந்தக் கட்டளை மாறவில்லை. அதனால்தான் உங்கள் பழைய நிரல் புது டிரைவிலும் பாதி வேலை செய்கிறது. ஆனால் இது ஆணை இல்லை, வேண்டுகோள். டிரைவுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற உள் மென்பொருள் அதைப் படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்யும். மோட்டார் இல்லாத டிரைவ்களில் சில 'ஆகாது' என்று திருப்பி அனுப்பும். நான் கையாண்டவற்றில் நிறைய டிரைவ்கள் 'சரி' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். கல்யாண வீட்டில் வேலை சொன்னால் தலையாட்டிவிட்டு நகராமல் நிற்கும் பையனைப் போல.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. லினக்ஸில் ப்ராக் கோப்புறைக்குள் சிடிராம் பற்றிய தகவல் கோப்பு ஒன்று இருக்கிறது. 'ட்ரேவை மூட முடியுமா' என்று அதில் ஒரு வரி வரும். உங்கள் புது டிரைவுக்கும் அதில் 1, அதாவது முடியும் என்றுதான் இருக்கும். அதை நம்பாதீர்கள். டிரைவ் தன்னைப் பற்றிச் சொல்லும் குறிப்பில் சிடியை ஏற்றும் முறை என்ற இடத்தில் கேடி (சிடியை உறையோடு செருகுவது), ட்ரே, பாப்-அப் என்று சில வகைகள்தான் உண்டு. மோட்டார் உள்ள ட்ரே, மோட்டார் இல்லாத ட்ரே இரண்டுக்கும் ஒரே எண்தான். கேடி வகை என்று சொல்லும் டிரைவுக்கு மட்டும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 'மூட முடியாது' என்று குறித்துக்கொள்கிறது, மற்றதெல்லாம் மூட முடியும் என்று எடுத்துக்கொள்கிறது. நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதுசில்லை. பாலாறு என்ற பெயரில் பால் ஓடுகிறது, பாலத்தில் நின்று பார்த்தால் மணல்தானே.

விண்டோஸுக்கு மாறினால்? மாறாது. அங்கே வழிகள் நிறைய இருக்கின்றன. விண்டோஸ் 3.1 காலத்து எம்சிஐ என்ற ஒலி-ஒளிக் கட்டளை முறை வழியாக, ஆடியோ சிடியின் கதவைத் திற, மூடு என்று ஒரு வரியில் எழுதலாம். டிவைஸ்ஐஓகன்ட்ரோல் என்ற அழைப்பு வழியாகக் கொஞ்சம் ஆழமாகப் போகலாம். விஸ்டாவோடு வந்த ஐமேப்பி 2 என்ற சிடி எழுதும் தொகுப்பில் மீடியாவை வெளியேற்ற, ட்ரேவை மூட என்று தனித்தனிச் செயல்கள் உண்டு. எல்லாமே டிரைவுக்கு அனுப்புவது மேலே சொன்ன அதே வேண்டுகோளைத்தான். ஐமேப்பியில் 'இந்த டிரைவ் தானே ஏற்றிக்கொள்ளுமா' என்று கேட்கும் ஒரு பண்பும் இருக்கிறது. லேப்டாப் டிரைவ்களில் அது தப்பாக 'ஆம்' என்று சொல்லக்கூடும் என்று மைக்ரோசாஃப்ட்டின் ஆவணமே எச்சரிக்கிறது. மேக்கில் டிரூட்டில் என்ற கட்டளை. அதிலும் கதை இதேதான்.

இனி, என்ன செய்யலாம். உங்களுக்கு வேண்டியது ட்ரேவை நிரல் மூடுவது இல்லை, ட்ரே மூடியிருக்கிறது, உள்ளே சிடி இருக்கிறது என்று நிரலுக்குத் தெரிவதுதான். எந்த டிரைவாக இருந்தாலும் சிடியை வைக்க ஆள் கை வேண்டும். அந்தக் கையே தள்ளிவிட்டால் போகிறது. விசையைத் தட்டுகிற வேலை மிச்சம். நீங்கள் செய்ய வேண்டியது, திறந்த பிறகு விநாடிக்கு ஒருமுறை டிரைவின் நிலையைக் கேட்டுக்கொண்டிருப்பது. லினக்ஸில் இதற்கென்றே ஒரு ஐஓசிடிஎல் உண்டு, சிடிராம் டிரைவ் ஸ்டேட்டஸ் என்று. 1 வந்தால் சிடி இல்லை, 2 வந்தால் ட்ரே திறந்திருக்கிறது, 3 வந்தால் இன்னும் தயாராகவில்லை, 4 வந்தால் சிடி தயார். 0 வந்தால் டிரைவுக்கே சொல்லத் தெரியவில்லை என்று அர்த்தம். 2-இலிருந்து 3-க்குப் போய் 4-இல் நிலைத்ததும் எழுத ஆரம்பித்துவிடலாம். 3-இல் பத்து, பதினைந்து விநாடி நிற்பது சகஜம், வெற்றுச் சிடியைச் சுழற்றிப் பார்த்து அது என்ன வகை என்று புரிந்துகொள்ள டிரைவுக்கு அவ்வளவு நேரம் ஆகும். அவசரப்பட்டுப் பிழை என்று முடிவுகட்டாதீர்கள். சில யூஎஸ்பி போர்டுகள் 1-க்கும் 2-க்கும் வித்தியாசம் சொல்லாது, அதனால் 'திறந்திருக்கிறதா' என்பதை வைத்து முடிவெடுக்காமல் 4 வருகிறதா என்பதை மட்டும் வைத்து எழுதுங்கள்.

டிரைவின் நிலையை நம்ப முடியாத தொல்லை பழையது. எஜெக்ட் நிரலில் பெரிய டி கொடுத்தால் திறந்திருந்தால் மூடும், மூடியிருந்தால் திறக்கும். நிலையைக் கேட்க வழியில்லாத இடத்துக்காக அதன் மூலநிரலில் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள்: திறக்கச் சொல்லிவிட்டு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. ஏற்கெனவே திறந்திருந்தால் சட்டென்று வேலை முடிந்துவிடும், மூடியிருந்தால் கூடுதல் நேரம் ஆகும் என்பதுதான் கணக்கு. முதலில் படித்தபோது சிரித்தேன். அப்புறம் ஒரு பழைய டிரைவுக்கு நானும் அதையே செய்ய வேண்டியிருந்தது.

நிலையைக் கேட்க நிரலில் டிரைவைத் திறக்கும்போது (ட்ரேவை அல்ல, டிரைவின் சாதனக் கோப்பை) நான்பிளாக் என்ற கொடியோடு திறக்க மறக்காதீர்கள். அது இல்லாமல் திறந்தால் சிடி இல்லை என்று கெர்னல் உள்ளேயே விடாது. மோட்டார் உள்ள டிரைவாக இருந்தால் இன்னும் மோசம். லினக்ஸில் ஆட்டோகுளோஸ் என்று ஒரு அமைப்பு 1-இல்தான் இருக்கும். அந்தக் கொடி இல்லாமல் ஏதாவது ஒரு நிரல் டிரைவைத் திறந்தால், ட்ரே வெளியே இருந்தால் கெர்னலே அதை உள்ளே இழுத்துவிடும். திறக்கச் சொன்னதும் ட்ரே வந்துவிட்டு உடனே பாம்பு நாக்கைப் போல உள்ளே போகிறது என்று நிறையப் பேர் புலம்புவார்கள். டிரைவ் கெடவில்லை, பின்னால் வேறு ஒரு நிரல் எட்டிப் பார்த்திருக்கிறது. அந்த அமைப்பை 0 ஆக்கினால் நின்றுவிடும். நாளைக்கே நீங்கள் பெரிய டிரைவுக்குத் திரும்பினால் இது தேவைப்படும்.

எதிர்ப்பக்கம், திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிப்பது. எழுதும் நிரல் தொடங்கும்போது டிரைவைப் பூட்டிவிடும், அதற்கும் ஒரு ஸ்கஸி கட்டளை, ஹெக்ஸ் 1இ. நடுவில் நிரல் செத்துப்போனால் பூட்டு அப்படியே நிற்கும், முன்னால் உள்ள பட்டனும் செத்தது மாதிரி இருக்கும். எஜெக்ட் கட்டளையில் ஐ போட்டு ஆஃப் என்று கொடுத்தால் பூட்டு விலகும். அதுவும் ஆகவில்லை என்றால் கரண்டை நிறுத்திவிட்டு, முன்னால் உள்ள ஊசித் துளையில் பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நேராகச் செருகுங்கள். சிடி சுழன்றுகொண்டிருக்கும்போது செய்யாதீர்கள். குண்டூசி வேண்டாம், வளைந்து உள்ளே மாட்டிக்கொள்ளும்.

மென்பொருளுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் பழி மாறி விழுவதை நான் குடியாத்தத்தில் ஒரு ஸ்டுடியோவில் கற்றுக்கொண்டேன். கல்யாண டிவிடிகளை மொத்தமாக எழுத ஒரே பெட்டியில் நாலு டிரைவ் மாட்டி, முடிந்தது முடிந்தது திறக்கிற மாதிரி ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு மே மாதம் ஸ்டுடியோக்காரரிடமிருந்து போன். "இன்னாண்ணா, உங்க புரோகிராம் போட்டதுல இருந்து ரெண்டாவது டிரைவு பல்லைக் காட்டுது, மூடுது, திரும்பக் காட்டுது." போய் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க நிரலைக் குடைந்தேன். சாயங்காலம் டீ கொண்டுவந்த பையன் டிரைவின் பட்டனை விளையாட்டாக அழுத்தினான். அப்போதும் அதே பல்தான். கத்திரி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, ரப்பர் பெல்ட் இறுகித் தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. மோட்டார் சுற்றுகிறது, தட்டு முழுசாக நகரவில்லை. 'திறந்தாகிவிட்டது' என்று சொல்லும் சின்ன ஸ்விட்ச் அழுந்தாததால் ஏதோ தடுக்கிறது என்று நினைத்து டிரைவ் தானே பின்வாங்குகிறது. பெல்ட்டை மாற்றியதும் சரியாகிவிட்டது. புது பெல்ட் கிடைக்காத நாட்களில் பழையதைக் கொஞ்ச நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்து ஓட்டியிருக்கிறேன், சில வாரம் தாங்கும், அதற்கு மேல் கேட்கக் கூடாது. அன்றிலிருந்து முதலில் பட்டனை அழுத்திப் பார்ப்பேன். பட்டனுக்கும் திறக்கவில்லை என்றால், பூட்டும் இல்லை என்றால், நிரலைத் தொடுவதே இல்லை.

யூஎஸ்பி டிரைவ் என்பதால் இரண்டு விஷயம் கூடுதலாகக் கவனியுங்கள். ஒன்று, கரண்ட். யூஎஸ்பி 2.0 துளை முறைப்படி தருவது 500 மில்லிஆம்பியர். சிடியைச் சுழற்றி எழுதும் நேரத்தில் டிரைவ் இழுப்பது அதற்கு மேலே போகும். பாதி எழுதும்போது டிரைவ் காணாமல் போய்த் திரும்ப வந்தால் நிரலில் தேடாதீர்கள், ஹப்பை எடுத்துவிட்டு நேராகக் கணினியில் மாட்டுங்கள், அல்லது இரண்டு தலை உள்ள கேபிள் போடுங்கள். மற்றது, எந்த டிரைவ் என்பதைப் பெயரோடு சொல்லுங்கள், முதலில் கிடைப்பது என்று விடாதீர்கள். இணையத்துக்குச் செருகும் டேட்டா கார்டுகளில் பல, முதலில் தன்னை ஒரு சிடி டிரைவ் என்றுதான் அறிமுகம் செய்துகொள்ளும், தன் மென்பொருளை நிறுவுவதற்காக. அதற்கு 'எஜெக்ட்' என்று சொன்னால் சிடி வேஷத்தைக் கலைத்துவிட்டு மோடமாக மாறும். திறக்க ட்ரேவே இல்லாத ஒன்றுக்கு அதே 1பி கட்டளை. உங்கள் நிரல் ட்ரேவைத் திறப்பதாக நினைத்துக்கொண்டு இணையத்தை ஆன் செய்துகொண்டிருக்கலாம்.

இந்தக் கட்டளைகளுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு, கம்ப்யூட்டர் சென்டரில் படித்தவர்களுக்குத் தெரியும். விண்டோஸ் மீடியா பிளேயரை வைத்து ஐந்தாறு வரியில் ஒரு விபிஸ்கிரிப்ட் எழுதி, பக்கத்துக் கணினியின் ட்ரேவை முடிவில்லாமல் திறந்து மூட வைப்பது. 1998-இல் வந்த நெட்பஸ் என்ற ஊடுருவல் நிரலிலும் தூரத்திலிருந்து ட்ரேவைத் திறக்கும் வசதி இருந்தது. விளையாட்டுதான், ஆனால் அந்த டிரைவ்களின் பெல்ட்டை மாற்றியது நாங்கள்.

விசையைத் தட்டினால் தானே உள்ளே போகிற அந்தச் சுகம்தான் வேண்டும் என்றால், பெரிய டிரைவ்தான் வேண்டும். குட்டிக் கணினிக்குள் அது நுழையாது. ஐந்தேகால் அங்குல டிரைவுக்கான வெளிப்பெட்டி, சொந்த அடாப்டரோடு கிடைக்கிறது. அந்த டிரைவ்களுக்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் வேண்டும், அதனால் அடாப்டர் இல்லாத பெட்டி வாங்காதீர்கள். சிடியைத் தானே எடுத்து வைக்கும் பெரிய எந்திரங்களிலும் மோட்டார் ட்ரே உள்ள டிரைவ்தான் இருக்கும், அங்கே தள்ளிவிடக் கை இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு இருபது, முப்பது சிடி எழுதும் இடத்துக்குக் கையால் தள்ளுவதே போதும் என்பது என் எண்ணம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, இரவு ரயிலுக்குக் காட்பாடி போக வேண்டிய நோயாளிகள் வாசலில் காத்திருக்கும்போது, கெடுவதற்கு வாய்ப்புள்ள பாகம் ஒன்று குறைவாக இருப்பது நல்லது. மெலிந்த ட்ரேவைத் தள்ளும்போது மட்டும், நடுக்குமிழில் சிடி 'டக்' என்று அழுந்தியிருக்கிறதா என்று பார்த்து, லென்ஸில் விரல் படாமல், முன்பட்டையின் நடுவில் தள்ளச் சொல்லுங்கள். ஓரத்தில் தள்ளித் தள்ளித் தண்டவாளம் கோணிய டிரைவ்கள் என் மேசையில் நிறைய உண்டு.

பழைய கணினியை இன்னும் எடைக்குப் போடவில்லை என்றால் அதிலிருக்கும் டிரைவைக் கழற்றி வையுங்கள். நாலு வருஷம் ஓடிய டிரைவ், பெல்ட் மாற்றினால் இன்னும் ஓடும். வெளிப்பெட்டி வாங்குவதானால், வாங்கும் முன் அந்த டிரைவின் பின்பக்கம் இருப்பது சாட்டாவா, அகலமான ஐடிஇயா என்று பாருங்கள். பெட்டி அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.